நூற்றிருபது வரைக்கும் நார்மல்

கண்டமங்கலம் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது சர்க்கரையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "வெறும் வயித்துல எம்பதுலேருந்து நூத்தியிருவது வரைக்கும் நார்மல்தானே?" என்பார்கள். அதே வீட்டுப் பேரனின் லேப் ரிப்போர்ட்டில் 100-க்கு மேல் போனாலே தடித்த எழுத்து. 126-ஐத் தொட்டால் நீரிழிவு. தாத்தாவுக்கு விவரம் போதாது என்று பேரன் நினைக்கிறான். மாத்திரை விற்பதற்காகக் கணக்கைக் குறைத்துவிட்டார்கள் என்று தாத்தா நினைக்கிறார்.

வரம்பு குறைந்தது உண்மைதான். நீரிழிவுக்கான எல்லையை 140-லிருந்து 126-க்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இறக்கியது 1997-ல். ஆனால் தாத்தா சொல்லும் 80–120 அதற்கும் முந்தியது. இரத்தத்தில் சர்க்கரையை வேறு விதமாக அளந்த காலத்துக் கணக்கு அது. அன்று அந்த அளவை எடுத்தவரும், எடுக்கக் கற்றுக்கொடுத்தவரும் உயிர்வேதியியல் (பயோகெமிஸ்ட்ரி) பேராசிரியர். இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் செய்யும் வேலை வேறு, வாழும் வாழ்க்கையும் வேறு.

ஒரு சாலை, நான்கு கல்லூரிகள்

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால் மதகடிப்பட்டில் புதுச்சேரி வந்துவிடும். இன்னும் கொஞ்ச தூரத்தில் கண்டமங்கலம், மீண்டும் தமிழ்நாடு. அதைத் தாண்டி அரியூர், மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக விட்டுப்போன எல்லை இது. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறும் வரை இந்தக் கோடுகள் சுங்கச்சாவடியோடு இருந்தன. கண்டமங்கலம் அப்போது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான்.

அன்று இந்த வட்டாரத்துக்கு மருத்துவக் கல்லூரி என்றால் புதுச்சேரி ஒன்றுதான். 1823-லேயே பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததுதான் கோரிமேட்டில் 1964-ல் திறக்கப்பட்ட ஜிப்மர். இன்று அதே பஸ் வழியைச் சுற்றி, மதகடிப்பட்டை ஒட்டிய கலித்தீர்த்தாள்குப்பத்தில் ஒன்று, அரியூரில் ஒன்று, விழுப்புரத்துக்கு வடக்கே முண்டியம்பாக்கத்தில் 2010-ல் வந்த அரசுக் கல்லூரி ஒன்று. ஜிப்மரோடு சேர்த்து நான்கிலும் முதலாண்டு மாணவர் முதலில் சந்திக்கும் மூன்று துறைகளில் ஒன்று உயிர்வேதியியல்.

அன்று: கண்ணால் பார்த்த சர்க்கரை

அறுபதுகளின் ஒரு துறை ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். நோயாளியின் இரத்தத்தில் ஒரு பங்கு எடுத்து, ஏழு பங்கு தண்ணீர் விட்டு, சோடியம் டங்ஸ்டேட்டும் நீர்த்த கந்தக அமிலமும் சேர்த்தால் புரதம் எல்லாம் திரிந்து பழுப்பாகக் கீழிறங்கும். வடிகட்டினால் தெளிந்த நீர். அதை ஃபோலின்-வூ குழாயில் விடுவார்கள். அடியில் சிறு குமிழ், அதற்கு மேல் இடுங்கிய கழுத்து. சூடாகும்போது மேலிருந்து காற்று உள்ளே கலந்து கணக்கைக் கெடுக்காமல் இருக்கத்தான் அந்த இடுப்பு. காரத் தாமிரக் கரைசல் சேர்த்துக் கொதிநீரில் சில நிமிடம் வைத்து, ஆறவைத்து, பாஸ்போமாலிப்டிக் அமிலம் விட்டால் நீலம் வரும். சர்க்கரை கூடினால் நீலம் அடர்த்தி. அந்த நீலத்தைத் தெரிந்த அளவுள்ள இன்னொரு நீலத்தோடு கலோரிமீட்டரில் ஒப்பிட்டுத்தான் எண் வந்தது.

இதில் ஒரு சிக்கல். தாமிரத்தை ஒடுக்குவது குளுக்கோஸ் மட்டுமில்லை; இரத்தத்தில் உள்ள குளூட்டாதயோன் போன்ற வேறு பொருள்களும் அதே வேலையைச் செய்யும். அதனால் ஃபோலின்-வூ முறையில் வரும் எண் உண்மைச் சர்க்கரையைவிட ஏறத்தாழ 20 மில்லிகிராம் அதிகம். 80–120 என்ற தாத்தாவின் கணக்கு அங்கே பிறந்தது. பிறகு ஆர்த்தோ-டொலுயிடின் வந்தது. அசெட்டிக் அமில நெடி மூக்கைப் பிடிக்கும். அந்த டொலுயிடினே புற்றுநோய் தரக்கூடியது என்று பின்னர் தெரிந்து ஓரங்கட்டப்பட்டது. அதற்கு அடுத்து குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடிக்கும் நொதி முறைகள். அப்போதுதான் எண் 70–100 என்று இறங்கி உட்கார்ந்தது.

அன்றைய பேராசிரியரின் உடம்பே ஒரு கருவி. அமிலமானாலும் இரத்தமானாலும் பிப்பெட்டை வாயில் வைத்துத்தான் உறிஞ்சினார்; நாக்கில் படுவதற்குள் விரலால் மூடத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக் குழாய்களைக் கழுவப் பொட்டாசியம் டைக்ரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் கலந்த செங்காவித் திரவம் ஒரு தொட்டியில் இருக்கும்; ஒரு துளி தெறித்தால் வேட்டியோ சேலையோ அன்றோடு சரி. வினைப்பொருளைக் கிட்டாக யாரும் விற்கவில்லை. எடை போட்டுக் கரைத்து, நாள் குறித்து, பழுப்புப் புட்டியில் ஊற்றி வைப்பதெல்லாம் துறையின் வேலை. ஒரு நாளைக்கு இருபது சர்க்கரை பார்த்தால் அது பெரிய நாள். யூரியாவுக்கு ஒரு முறை, கொலஸ்டிராலுக்கு ஒரு முறை, சோடியம் பொட்டாசியத்துக்கு ஃபிளேம் ஃபோட்டோமீட்டரின் சுடர்.

கிராமத்து மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனையே இல்லை. ஸ்பிரிட் விளக்கு, பெனடிக்ட் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்பானால் "சர்க்கரை நிறைய". சந்தேகம் தீர வேண்டுமானால் விழுப்புரத்திலிருந்து 1879 முதல் ஓடிக்கொண்டிருக்கும் புதுச்சேரி ரயிலையோ பஸ்ஸையோ பிடித்துக் கோரிமேடு போக வேண்டும்.

சென்னையில் படித்தவரின் நீலம்

அந்த ஆய்வுக்கூடத்தின் பாஸ்பரஸ் சோதனைக்குப் பெயர் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை. அதிலும் ஒரு நீலம்தான். பெயரில் இருக்கும் எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் அறுவைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். சகோதரர்கள் இருவரைக் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். மாமனார் வீட்டு உதவியோடு ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார்.

சம்பளம் போதாமல் ஆஸ்பத்திரியில் இரவு ஊழியம் பார்த்துக்கொண்டே ஆய்வு செய்த அவர், சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1925-ல் அந்தப் பாஸ்பரஸ் முறையை வெளியிட்டார். அதே முறையைக் கையில் வைத்துக்கொண்டு தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் பிரித்துக் காட்டினார்கள். ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலமும், புற்றுநோய்க்கான மீதோட்ரெக்சேட்டும், ஆரியோமைசினும் அவர் நடத்திய ஆய்வகத்திலிருந்து வந்தவை. 1948-ல் அங்கேயே இறந்தார். கர்ப்பிணியாக விட்டுப்போன மனைவி சேஷகிரியை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துபோனான்.

சென்னையில் படித்த எத்தனையோ பேராசிரியர்கள் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். சோதனைக் குழாயில் நீலம் வரும்வரை காத்திருக்கும் பத்து நிமிடம் அதற்குப் போதுமானது. இன்று பாஸ்பரஸை எந்திரம் புற ஊதாக் கதிரில் அளக்கிறது. காத்திருக்கும் பத்து நிமிடமும் இல்லை, கதையும் அருகிவிட்டது.

இன்று: எண்ணைச் சந்தேகிக்கும் வேலை

1957-ல் டெக்னிகான் நிறுவனத்தின் ஆட்டோஅனலைசர் சந்தைக்கு வந்தபோது அது அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அதிசயம். இன்று மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அது மேசை நாற்காலி மாதிரி ஒரு பொருள். பார்கோடு ஒட்டிய குழாயை அடுக்கினால் மணிக்கு நூற்றுக்கணக்கான சோதனை. யார் கண்ணுக்கும் எந்த நிறமும் தெரியாது.

பேராசிரியர் காலையில் முதலில் பார்ப்பது நோயாளியின் இரத்தத்தை அல்ல. அளவு தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியை எந்திரத்தில் ஓட்டி, வந்த எண்ணை லெவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். சராசரிக் கோட்டுக்கு இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் இருந்தால் சரி. மூன்றைத் தாண்டினால் அன்றைய ஓட்டமே நிறுத்தம். காரணம் தெரியும்வரை ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது. மாதம்தோறும் வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தர உறுதித் திட்டத்திலிருந்து ஒரு மாதிரி வரும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். நம் எண்ணை அனுப்பினால், நாடு முழுவதும் உள்ள ஆய்வுக்கூடங்களின் எண்ணோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று திருப்பி அனுப்புவார்கள். வயதும் பதவியும் பாராமல் வரும் மார்க் ஷீட் அது.

எந்திரம் சொல்வதை எப்போது நம்பக் கூடாது என்பதில்தான் இன்றைய பேராசிரியரின் அனுபவம் வெளிப்படுகிறது. ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் 9, கால்சியம் 3 என்று திரையில் வருகிறது. உண்மையானால் அந்த ஆள் உயிரோடு இருக்க முடியாது. பேராசிரியர் வார்டுக்குப் போன் போடுகிறார்.

"சிஸ்டர், பேஷன்ட் எப்படி இருக்கார்?"

"இட்லி சாப்பிட்டுட்டு இருக்கார் மேடம்."

"எந்த டியூப்ல எடுத்தீங்க?"

"ரெட் கேப்தான் மேடம். பத்தலைன்னு பர்ப்பிள்ல இருந்து கொஞ்சம் ஊத்துனோம்."

அவ்வளவுதான் விஷயம். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை ஏற்றிக் காட்டும். அந்த எண்ணை அப்படியே அனுப்பியிருந்தால் இட்லி சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியத்தை இறக்கும் ஊசி ஏறியிருக்கும். அன்றைய பேராசிரியரின் பெருமை எண்ணைக் கொண்டுவருவதில் இருந்தது. இன்றைய பேராசிரியரின் பெருமை ஓர் எண்ணை நிறுத்தி வைப்பதில்.

ஒன்று மட்டும் மாறவில்லை. கிரியேட்டினினோடு பிக்ரிக் அமிலம் காரத்தில் சேர்ந்தால் ஆரஞ்சு நிறம் வரும் என்று மாக்ஸ் ஜாஃபே கண்டது 1886-ல். பல ஆய்வுக்கூடங்களின் புத்தம்புது எந்திரத்துக்குள்ளும் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்வது அந்த ஆரஞ்சுதான்.

கரும்பலகையும் முகப்பதிவும்

ஒரு காலத்தில் பல கல்லூரிகளில் உயிர்வேதியியல் தனித் துறையாகவே இல்லை. உடலியங்கியலின் பின்கட்டில் இருந்தது. முதலாண்டுப் படிப்பு ஒன்றரை வருடம். கிரெப்ஸ் சுழற்சியைக் கரும்பலகையில் வலப்புறம் தொடங்கி ஒரு முறைகூடப் பார்க்காமல் முழு வட்டமாக வரைந்து முடிப்பவருக்கு மாணவர்களிடம் தனி மரியாதை. தமிழ்நாட்டு மாணவர் கையில் ஹார்ப்பர் பாடநூலோடு அம்பிகா சண்முகத்தின் பாடநூலும் இருந்தது.

1997-ல் முதலாண்டு பன்னிரண்டு மாதமாகச் சுருங்கியது. 2019-ல் திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்தது. கிரெப்ஸ் சுழற்சியை ஒப்பிப்பதைவிட, மஞ்சள் காமாலை நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்து அடைப்பு எங்கே என்று சொல்வதற்கு மதிப்பெண். மாற்றம் நல்லதே. ஆனால் ஒவ்வொரு திறனுக்கும் பதிவேடு, ஒவ்வொரு மாணவருக்கும் கையெழுத்து. 2014-ல் நாடு முழுக்கச் சுமார் 51,000 எம்.பி.பி.எஸ். இடங்கள், பத்தாண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நூறு பேருக்கு வைத்த ஆய்வுக்கூட மேசையில் நூற்றைம்பது பேரும் அதற்கு மேலும் நிற்கிறார்கள். 2025 மே முதல் பேராசிரியரின் வருகை ஆதார் முகப்பதிவில். செல்போனைத் தூக்கிப் பிடித்து, கல்லூரி எல்லைக்குள் இருப்பதை ஜி.பி.எஸ். ஒப்புக்கொண்ட பிறகுதான் வகுப்பு.

"நீங்க என்ன டாக்டர்?"

இந்தத் துறைக்கு இரண்டு வாசல். எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்தவர்கள் ஒரு வாசலில் வந்தார்கள்; எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தவர்கள் இன்னொன்றில். முன்பு உயிர்வேதியியல் ஆசிரியர் பணியிடங்களில் பாதி வரை இரண்டாம் வகையினர் இருக்கலாம் என்று விதி இருந்தது. 2020-ல் அதை 15 சதவீதமாகக் குறைத்தார்கள். ஐம்பது வயதில், இருபது வருடம் கற்பித்தவருக்கு, இன்னொரு கல்லூரிக்கு மாற முடியாது என்ற நிலை வந்தது. அவரிடம் படித்த மாணவர் எம்.டி. முடித்துவிட்டு அதே துறைக்கு மேலாளாக வருவதும் உண்டு.

எந்த வாசலில் வந்தாலும் ஊருக்குள் கேள்வி ஒன்றுதான்: "டாக்டருன்னா ஊசி போடுவீங்களா?" இந்தப் பாடத்துக்கு கிளினிக் கிடையாது. சாயங்காலம் போர்டு மாட்டி உட்கார முடியாது, சம்பளம் மட்டும்தான். பெண் பார்க்கும் படலத்திலிருந்து கிரகப்பிரவேசம் வரை "நான் கிளினிக்கல் டாக்டர்" என்பவருக்கு அடுத்த வரிசைதான் இவருக்கு. ஆனாலும் உறவில் யாருக்காவது ரிப்போர்ட் புரியவில்லை என்றால் முதல் வாட்ஸ்அப் இவருக்குத்தான் வரும். "மாமா, எஸ்.ஜி.பி.டி. 52ன்னு போட்டிருக்கு, பயப்படணுமா?"

அன்றைய பேராசிரியருக்கு வளாகக் குடியிருப்பு. நடந்து போய் நடந்து வருவார். மதியச் சாப்பாடு வீட்டில். இன்று கல்லூரி ஊருக்கு வெளியே, வீடு புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ, பிள்ளை படிப்பது சென்னையில். கணவனும் மனைவியும் வேறு வேறு கல்லூரியில் என்றால் வெள்ளிக்கிழமை மாலை பஸ்தான் குடும்பம்.

இந்த ஓட்டம் புதியது என்று சொல்லிவிடவும் முடியாது. அதே தென்னாற்காட்டில், சிதம்பரத்தில் 1952-ல் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை சி.வி. ராமகிருஷ்ணன் அப்போது அமெரிக்காவின் மேடிசனில் டேவிட் கிரீனின் ஆய்வகத்தில் இருந்தார். பிறகு குழந்தைக்கு மூன்று வயதில் குடும்பம் பரோடா போனது. அங்கே பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறைக்கு அவர் தலைவர். தாய் ராஜலட்சுமி கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பதினெட்டே மாதத்தில், 1959-ல், உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கு மாறினார். அந்தக் காலத்தில் ஒரு தாய் கடல் கடந்து படிக்கப் போவதும், குழந்தையை உறவினர் பார்த்துக்கொள்வதும் எவ்வளவு பேச்சுக்கு இடம் கொடுத்திருக்கும் என்பதை நம் ஊர் நன்றாக அறியும். அந்தக் குழந்தை வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் வேதியியல் நோபல் பெற்றார். தங்கை லலிதா கேம்பிரிட்ஜில் காசநோயை ஆராய்கிறார். அன்று அபூர்வமாக ஒரு ராஜலட்சுமி செய்ததை, இன்று இந்தச் சாலையில் உயிர்வேதியியல் துறைகளில் வேலை பார்க்கும் எத்தனையோ பெண்கள் சத்தமில்லாமல் செய்கிறார்கள்.

எண் ஊருக்குள் போய்விட்டது

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் கோவாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் புதுச்சேரிக்கு: 26.3 சதவீதம், நான்கில் ஒருவருக்கு மேல். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் குளுக்கோமீட்டர் வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. தனியார் கலெக்‌ஷன் சென்டர்களோ ஊருக்கு ஊர். அன்று கோரிமேட்டில் மட்டும் இருந்த எண், இன்று எங்கும் இருக்கிறது.

எண்ணோடு அதைச் சந்தேகிக்கும் ஆள் வரவில்லை. கலெக்‌ஷன் சென்டரில் காலை ஏழு மணிக்கு எடுத்த இரத்தம் சரியான குழாயில் இல்லாமல் மதியம் வரை கிடந்தால், செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 130 இருந்தவருக்கு 95 என்று ரிப்போர்ட் வரும். அவர் சந்தோஷமாக ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இதைத் தடுக்கத் தேவையான அறிவு முழுவதும் நான்கு கல்லூரிகளின் மதில்களுக்குள் இருக்கிறது.

வேலூர் செய்வதைச் சின்ன அளவில் இங்கேயும் செய்யலாம். மாதம் ஒரு முறை, ஒரே மாதிரியைக் கண்டமங்கலம் ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சாலையோர லேப்களுக்கும் கொடுத்து, வரும் எண்களை ஒப்பிட்டு, தவறுகிற இடத்துக்கு ஒருவர் நேரில் போய் "எந்த டியூப்ல எடுத்தீங்க?" என்று கேட்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது எந்திரமும் வேண்டாம். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதிலிருந்து பேராசிரியருக்கு மாதத்தில் ஒரு மதியம் விடுப்புக் கொடுத்தால் போதும்.